நான்காம் பங்கேற்பாளருக்கு

மணியை அடிக்கும் முன்பே கதவைத் திறந்துவிடும் என் பவானி மச்சாளுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். அலுவல் இல்லாமல் கௌரி வரமாட்டாள் என்று பகிடி பண்ணுவீர்களே, இப்போதும் அப்படித்தான். நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாகச் சொன்னால் நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் நம் சங்கத்தின் ஆண்டு மலரில், நாலு பேர் வாசிக்க எழுதுகிறேன். என் அண்ணையிடமும் உங்கள் மகள் அபியிடமும் கேட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அபிக்கு ஒரு மருந்துக்கடையில் தொழிற்பயிற்சி இடம் கிடைத்துவிட்டது. இருபத்தேழு கடிதம் வீணாய்ப் போய், இருபத்தெட்டாவதில் கூப்பிட்டார்கள். அண்ணை வீட்டில் சமைக்கிறார். உணவகத்தில் ஒரு நேரத்துக்கு அறுபது பேருக்குச் சமைக்கிற மனிதருக்கு, வீட்டில் இரண்டு பேருக்கு உப்புப் போடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ச் சேர்ந்தால் மூன்று பேர், அன்றைக்கு உப்பே இல்லை. இந்தக் கோடை பந்தாட்டம் பார்க்க வந்த ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒல்லாந்துக்காரர்களால் பேர்ண் நகரமே நிரம்பி வழிந்தது. அண்ணையின் கடையில் உருளைக்கிழங்கு முடிந்து, பக்கத்துக் கடையில் கடன் கேட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் நம் பூம்ப்ளிஸ் வீட்டுப் பல்கனியில் நின்று அவர்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஆரே நதி பெருகி ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த அந்தக் கோடை ஞாபகம் இருக்கிறதா? நான் தாதியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. மார்லிஸ் என்ற ஆய்வாளர் ஒருவர், தமிழ்ப் பெண்கள் நோயின் வலியோடு எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வெள்ளைக்காரி போய் உட்கார்ந்தால் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைத்து, ஒலிப்பதிவுக் கருவியையும் கேள்வித்தாளையும் என் கையில் தந்தார். நான் போய்ப் பேசி, பதிவு செய்து, அதை ஒரு சொல் விடாமல் எழுதி, ஜெர்மன் மொழியில் தரவேண்டும்.

ஆறு பெண்கள் தேவை. ஐந்து பேர் கிடைத்தார்கள். ஆறாவதாக ஓம் சொன்னவர் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். ஆள் பிடித்துத் தருவேன் என்று நான் ஏற்கெனவே வீரம் பேசியிருந்தேன். அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. மார்பில் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடம், கை தூக்க முடியாத வலி, எல்லாம் பொருந்தியது. நான் கேட்டால் மறுக்கமாட்டீர்கள் என்பது அதைவிட நன்றாகப் பொருந்தியது.

சமையலறையில் வைத்து உங்களுக்கு விளக்கினேன். இதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர், இதில் எண்களும் கணக்கும் இல்லை, மனிதர் தம் வாயால் சொல்வதைக் கேட்டு அதன் பொருளைத் தேடுவது என்று புத்தகத்தில் படித்ததை ஒப்புவித்தேன்.

"ஆறு பேரைக் கேட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது, கௌரி?" என்று கேட்டீர்கள்.

"எத்தனை பேர் எண்டதில்லை மச்சாள், எவ்வளவு மனந்திறந்து கதைக்கினம் எண்டதுதான்."

"அப்ப என்னட்டை வந்து மாட்டியிருக்கிறாய்" என்று சிரித்தீர்கள்.

பேட்டி தருகிறவர் எனக்கு உறவாக இருக்கக்கூடாது, பேசும்போது வேறு யாரும் அறையில் இருக்கக்கூடாது, பதிவின் பிரதியை நான் வைத்திருக்கக்கூடாது. இந்த மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன். முதலாவதை மறைப்பது சுலபமாக இருந்தது. அண்ணை வந்தபோது அவருடைய சொந்தப் பெயரையே குடும்பப் பெயர் ஆக்கிவிட்டது இந்த நாடு. பிறகு வந்த எனக்கு அப்பாவின் பெயர். ஆகவே தாளில் நான் கௌரி கந்தையா, நீங்கள் பவானி சிவநேசன். ஒரே தகப்பனின் பிள்ளையும் மருமகளும் என்று எந்தச் சுவிஸ்காரனுக்குத் தெரியும்? பன்னிரண்டு வயதில் என்னை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டெடுத்து, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவரை, "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று மார்லிஸிடம் சொன்னேன். மச்சாள், முதலில் இதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை கருவியை மேசையில் வைத்தேன். அறைக்குள்ளிருந்து அண்ணை வந்தார். விடுமுறை நாளில் சாரம் கட்டித் திரிகிறவர், மடிப்புக் கலையாமல் மினுக்கிய சட்டை போட்டு, வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் இருக்கும் அந்தத் தடித்த கோப்பையும் கையில் எடுத்து வந்தார். உங்கள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"அண்ணை, இது மச்சாளோடை மட்டும்..." என்று இழுத்தேன்.

"றெக்கோட் பண்ணுறாய் எல்லோ? அப்ப நான் இருக்கோணும். பதிவிலை ஒரு சொல் பிழைச்சால் பிறகு திருத்தேலாது. நான் பட்டிருக்கிறன்."

அவர் பட்டிருந்தார்தான். அகதி விண்ணப்பத்துக்காக நாள் முழுக்க ஒரு கருவிக்கு முன்னால் இருந்து, ஒரு திகதியை மாற்றிச் சொன்னதற்காக மூன்று வருடம் இழுபட்ட மனிதர். எங்கள் வீடுகளில் மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: விசாரணை. மார்லிஸுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும், வெளியே போங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. என்னை வளர்த்தவரை அவருடைய வரவேற்பறையை விட்டு எழுப்புவது எப்படி? வேறு நாள் வருகிறேன் என்று எழுந்திருக்கலாம். வேறு நாள் வந்தால் மார்லிஸ் தந்த தவணை தப்பிவிடும். பொத்தானை அழுத்தினேன்.

நாற்பது நிமிடம் அண்ணை பேசினார். அவளுக்கு வலி பெரிதாக இல்லை, வருவதும் போவதும்தான். குடும்பம் பார்த்துக்கொள்கிறது. வைத்தியர்கள் நல்லவர்கள். நாங்கள் அரசாங்கத்திடம் உதவி எடுப்பதில்லை. இந்தக் கடைசி விசயத்தைக் கேட்காமலே இரண்டு முறை சொன்னார். நீங்கள் ஓம் என்பது போலத் தலையை ஆட்டினீர்கள். பிறகு தேநீர் கொண்டுவந்தீர்கள்.

கருவியை நிறுத்தியதும் அண்ணைக்குத் தோளிலிருந்து பாரம் இறங்கியது. பத்திரக் கோப்போடு உள்ளே போனார். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ உங்களோடு வந்தேன். நீங்கள் அடுப்புக்கு மேலே இருக்கும் புகை இழுக்கிற விசிறியைக் கடைசி இலக்கத்தில் போட்டீர்கள். அந்த இரைச்சலுக்குள் நின்று பேசத் தொடங்கினீர்கள். கால் மணித்தியாலம்தான் இருக்கும். மார்லிஸ் தேடியது முழுக்க அதில் இருந்தது. அந்தச் சொற்களை இங்கேயும் எழுதமாட்டேன். வலி எவ்வளவு என்றும், அதை யாரிடம் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னீர்கள் என்பதோடு நிறுத்துகிறேன். இவ்வளவு சொன்னதே கூடுதலோ தெரியவில்லை.

"இதை எழுதிப்போடாதை, கௌரி. உன்னோடை இருக்கட்டும்" என்று விசிறியை நிறுத்தினீர்கள்.

நான் எழுதவில்லை. அந்த ஒன்றில் மட்டும் நேர்மையாக இருந்தேன். ஆனால் அன்றைக்கு விடுதிக்குப் போய் இருந்து எழுதும்போது, அண்ணை சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் சொன்னதாக எழுதினேன். நாற்பது நிமிடப் பேச்சு உங்கள் பேச்சாக ஜெர்மன் மொழிக்குப் போனது. தமிழ் தெரியாத மார்லிஸ் பதிவைப் போட்டுக் கேட்கவில்லை; எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு, "அருமையாக இருக்கிறது, எவ்வளவு அமைதியான பெண்" என்றார். உங்களுக்கு நான்காம் பங்கேற்பாளர் என்று பெயர் வைத்தார். பதிவை ஒரு குறுந்தட்டில் இறக்கி நான் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. மூன்றாவது விதியும் போனது.

இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. தமிழ்ப் பெண்கள் வலியைத் தனி மனிதரின் விசயமாகப் பார்ப்பதில்லை, குடும்பத்தினூடாகவே அதைத் தாங்குகிறார்கள் என்பது முக்கிய முடிவு. அதற்குச் சான்றாக நான்காம் பங்கேற்பாளரின் வாக்கியம், மேற்கோள் குறிகளுக்குள்: "வலி வருவதும் போவதும்தான். என் குடும்பம் பார்த்துக்கொள்கிறது." அண்ணையின் வாக்கியம் அது, மச்சாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கட்டுரையின் கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

யாரும் வாசிக்காத ஒரு கட்டுரையால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். வந்தது உங்களுக்கு.

நோய் எலும்புக்குப் போய், போன தைமாதம் உங்களை ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். நான் அப்போது தூன் நகரப் பக்கம் வேலை. வேலை முடிந்து ஓடிவந்து பார்ப்பேன். அண்ணை பக்கத்தில் இருப்பார். எப்படி மச்சாள் என்றால், "பரவாயில்லை" என்பீர்கள். நெற்றியில் வியர்வை இருக்கும். நான் ஒரு தாதி. வேறு யாருடைய நெற்றியில் அந்த வியர்வையைப் பார்த்திருந்தாலும் ஆளைத் திருப்பிப் படுக்கவைத்து நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

பதினோராம் நாள் பூச்சாடி கேட்டுத் தாதியர் அறைக்குப் போனேன். சுவரில் ஒரு பக்கத் தாள் ஒட்டியிருந்தது. வெவ்வேறு நாட்டு நோயாளர்களோடு எப்படிப் பழகுவது என்ற குறிப்புகள். தமிழருக்கு எதிரே: வலி பற்றிக் குடும்பத்தினூடாகக் கேட்கவும். கீழே சின்ன எழுத்தில் மார்லிஸின் கட்டுரை.

அங்கிருந்த இளம் தாதி நட்போடு சொன்னாள்: "உங்கள் வழக்கத்தை மதித்துத்தான் நடக்கிறோம். ஒவ்வொரு முறையும் கணவரைத்தான் கேட்கிறோம். அவ தாங்கிக்கொள்வா என்கிறார்."

அண்ணை கெட்டவர் அல்ல. மோர்ஃபின் கொடுக்கத் தொடங்கினால் கதை முடிந்தது என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தவர். அவள் தாங்குவாள், அவள் இருப்பாள் என்று அவருக்குள் இரண்டும் ஒன்றாகிவிட்டது. அவரிடம் கேட்டது பிழை. அவரிடம் கேட்கவைத்தது நான்.

"தயவுசெய்து அவவையே கேளுங்கள், அறையில் யாரும் இல்லாதபோது" என்றேன். கேட்டார்கள். பின்னேரமே மருந்தைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு நான்கு நாள் நீங்கள் இலகுவாக மூச்சு விட்டீர்கள். அபியின் கையைப் பிடித்து எதையோ சொல்லிச் சிரித்ததைக்கூடப் பார்த்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டீர்கள்.

அந்தத் தாள் ஏன் பிழை என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் கையெழுத்து, உறவு, பதிவு எல்லாம் வெளியில் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதை மறைத்துவிட்டு அந்தச் சோற்றையும் பரிமாறினேன். பதினொரு நாள், மச்சாள். நித்திரையிலும் எண்ணுகிறேன்.

இன்னும் இருக்கிறது. இந்த இலையுதிர் காலத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தேன், வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. பியட்ரிஸ் என்ற விரிவுரையாளர் பண்புசார் ஆய்வுகளை எப்படி எடைபோடுவது என்று படிப்பித்தார். கட்டுரையில் அச்சான எல்லாவற்றையும் நம்பிவிடக்கூடாது, யார் கேட்டார், யார் பக்கத்தில் இருந்தார், சொன்னவரின் குரல் உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, சொல்லமுடியாது என்று மூன்று கட்டங்கள். பயிற்சிக்கு ஒரு கட்டுரையும் தந்தார். எந்தக் கட்டுரை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஆய்வு செய்தவருக்கும் பங்கேற்றவருக்கும் இடையிலான உறவு கவனிக்கப்பட்டதா?" கட்டுரையில் பதில் தெளிவாக இருந்தது: உரையாடலை நடத்திய தாதி மாணவி பங்கேற்பாளர் எவருக்கும் உறவினர் அல்ல. நான் தந்த பொய்தான், அச்சில் எவ்வளவு சுத்தமாக இருந்தது. பென்சிலை எடுத்தேன். 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன்.

பியட்ரிஸ் என்னைப் பார்த்தார். "கௌரி, இங்கே நீதான் தமிழ்ப் பெண். இந்த முடிவுகள் உனக்கு நம்பத்தக்கதாகத் தெரிகின்றனவா?"

வகுப்பு முழுக்கத் திரும்பியது. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான்.

"ஓம்" என்றேன். "எங்கள் வீடுகளில் அப்படித்தான்."

உங்களை ஒருமுறை பேசவிடாமல் செய்தது அண்ணையின் பயம். இரண்டாம் முறை அதைச் செய்தது நான், பயப்பட ஒரு காரணமும் இல்லாத, வெளிச்சமான ஒரு வகுப்பறையில்.

அதற்கு அடுத்த ஞாயிறு அண்ணை சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "திவசம் வரப்போகுது. அவளின்ர குரலை ஒருக்காக் கேக்கோணும் போலை கிடக்கு. வீடியோ நாலு கசெட் இருக்கு, கலியாணம், அபியின்ர பிறந்தநாள் எல்லாம். ஒண்டிலையும் அவள் இல்லை. எல்லாத்திலையும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிப்போட்டாங்கள். நீ அண்டைக்கு றெக்கோட் பண்ணினாயே, அது இருக்கோ?"

"அழிச்சாச்சு, அண்ணை. அதுதான் விதி" என்றேன். விதியைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு தகுதி!

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் ஞாயிறு குறுந்தட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் அபி இருந்ததால், கீழே நிறுத்தியிருந்த அண்ணையின் காருக்குள் இருந்து கேட்டோம். கண்ணாடிகளை மூடி, முன் இருக்கைகளில், எங்கேயோ புறப்படுகிறவர்கள் போல இருந்தோம்.

அண்ணையின் குரல் வந்தது. அவர் புன்னகைத்து, காத்திருந்தார். பத்து நிமிடம் போனது. இருபது போனது. கையை நீட்டி முன்னுக்கு ஓட்டினார், அங்கேயும் அவரே பேசிக்கொண்டிருந்தார். திரும்பவும் ஓட்டினார். முகத்திலிருந்த புன்னகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. கடைசியில், கோப்பை வைக்கும் சத்தத்தோடு, நீங்கள் வந்தீர்கள்.

"தேத்தண்ணி ஆறுது. குடி, கௌரி."

அவ்வளவுதான். அதன் பிறகு பதிவு இல்லை. அண்ணை அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டார்.

"நாப்பது நிமிசமும் நான்தான் கதைச்சிருக்கிறன்" என்றார். "அவளைக் கேக்கத்தானே நீ வந்தனீ?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, நான்காம் பங்கேற்பாளர், சுவரில் இருந்த தாள், பதினொரு நாள், வகுப்பில் போட்ட கோடு. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையையும் ஸ்டியரிங் சில்லின்மேல் வைத்து முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு அப்பவும் நோவு இருந்ததோ?"

"ஓம், அண்ணை."

"ஆரிட்டைச் சொன்னவள்?"

"என்னட்டை. குசினியிலை, கோப்பை கழுவேக்கை."

"என்ன சொன்னவள்?"

மச்சாள், அந்த நேரம் நான் பட்ட பாட்டை உங்களுக்குச் சொல்லவேண்டும். அவர் உங்கள் கணவர். அவருக்கு இல்லாத உரிமை எனக்கு ஏது? வாய் வரை வந்துவிட்டது. பிறகு அந்த விசிறியை நிறுத்திய உங்கள் கை ஞாபகம் வந்தது.

"என்னோடை வைச்சிருக்கச் சொன்னவா, அண்ணை."

அவர் அழுதார். நானும்தான். கனநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதையாவது அவள் சொன்னபடி செய்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மார்லிஸிடம் நேரம் கேட்டிருக்கிறேன். போனால் படிப்பு என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று தெரியாது. பியட்ரிஸுக்கும் எழுதிவிட்டேன், என் தாளில் ஒரு கோட்டைத் திருத்தவேண்டும் என்று. அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் மினுக்கிய சட்டையை எடுத்துக் கதவில் தொங்கவிட்டார்.

"நீங்கள் ஏன், அண்ணை? இது நான் செய்த பிழை."

"நானும் வாறன். அந்த நாலாம் ஆள் நான்தானே. நானே சொல்லுறன்."

இந்த முறை பத்திரக் கோப்பு வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். உங்கள் பெயரில் இருக்கும் பேச்சை அந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்வேன். ஏன் எடுக்கவேண்டும் என்றால் உண்மையைச் சொல்வேன். அந்த இடத்தில் எதைப் போடுவது என்று மார்லிஸ் கேட்பார், குசினியில் நீங்கள் சொன்னதைக் கொடுக்கமாட்டேன். இடம் வெறுமையாக இருக்கட்டும். அந்தச் சுவரிலிருக்கும் தாளை அவர்கள் எடுக்கும்வரை திரும்பத் திரும்பப் போவேன். என் வேலையில், எந்தக் கணவரையும் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பேன். உங்கள் வீட்டில் ஒருநாள் சொல்ல வராத அந்த வசனம் இப்போது தினமும் வருகிறது. உங்களுக்குப் பிந்தித்தான் வந்தது.

அன்றைக்கு நான் அந்தத் தேநீரைக் குடிக்காமல் போனேன். ஆறிப்போயிருந்தது.

உங்கள் தலைவாரலில் வளர்ந்த, தாளில் உங்களுக்கு யாரும் இல்லாத,
உங்கள் மச்சாள்
கௌரி